இடது கை கேட்கவில்லை

அத்தியாயம் 14

அண்ணனின் வேனை மாஸ்டர் வீட்டு வாசலில் பார்த்த நாளிலிருந்து, வீட்டில் யார் தும்மினாலும் அது எதற்கான தும்மல் என்று சின்னவள் யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

பார்த்தது திங்கட்கிழமை காலையில். அன்றைக்கு ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் மைக் செட் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவன் கிளம்பினான். வேன் என்னவோ பாட்டுக்குழு மாஸ்டர் வீட்டு வாசலில், எதுவும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது. மறுநாளே அண்ணன் வாயைத் திறந்தான்.

"இனிமே உன் ஸ்பீக்கரை என் வேன்ல ஏத்த முடியாது. கனம் கம்மியா நீயே ஒண்ணு வாங்கிக்கோ."

எட்டு வருடமாக ஏற்றியவன். இருபத்து மூன்று கிலோ பெட்டி. ஒரு நாள்கூட முகம் சுளிக்காதவன். திடீரென்று முடியாதாம்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று மாதமாக, எந்த நிகழ்ச்சி முடிந்து இறங்கினாலும் யாராவது ஒருவர் வந்து அதையே சொன்னார்கள். "கீபோர்டுல வலது கை பிரமாதம். இடது கைதான் கேட்கவே இல்ல." முதலில் டிரம்ஸ்காரர் சொன்னார். அப்புறம் பாடகி. கடைசியில் மாஸ்டரே சொன்னார். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது தீர்ப்பு.

ஓட்டல் ஒன்றில் ஆறு மாதம், தினம் மாலை வாசிக்கிற வேலை. மாஸ்டர் கையில்தான் இருக்கிறது. இன்றைக்கு ஐந்து மணிக்கு இரண்டு பேர் வாசித்துக் காட்ட வேண்டும். ஒன்று சின்னவள். இன்னொன்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வாசிக்கிற ஒரு புது ஆள். 'கண்ணாடி' என்றுதான் குழுவில் அவனுக்குப் பெயர். அவன் வாசிப்பில் இடது கை இடி மாதிரி கேட்கும்.

"கையை நீட்டு," என்றாள் அக்கா.

சின்னவள் இடது கையைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். மணிக்கட்டில் மூன்று மாதமாக வலி. அக்காவுக்கு ஆஸ்பத்திரி ஒன்றில் உடற்பயிற்சிச் சிகிச்சை அறையில் வேலை. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் உடம்பில் எது வலித்தாலும் அவள் சொல்வதுதான் சட்டம். வீட்டில் மற்ற எதற்கும்கூட அவள் சொல்வதுதான் சட்டம் என்பது வேறு விஷயம்.

ரோலிலிருந்து தோல் நிற டேப்பை ஒரு சாண் வெட்டினாள். வெட்டியதும், வழக்கம்போல, கத்தரியை லேசாகத் திருப்பி நான்கு மூலைகளையும் வளைத்து நறுக்கினாள்.

"ஏன்க்கா ஒவ்வொரு தடவையும் நகம் வெட்டற மாதிரி மூலையை வெட்டறே?"

"மூலை கூரா இருந்தா துணியில மாட்டி உரிஞ்சிடும். தினம் பத்து பேருக்கு ஒட்டறேன், கை தானா வெட்டும்." டேப்பை நீவி ஒட்டினாள். "இன்னிக்கு வாசிக்கணுமா?"

"வேணாம்னு சொல்றியா?"

"கேட்டேன்."

"நீ சும்மா கேக்கற ஆளா?"

அக்கா பதில் சொல்லாமல் கத்தரியைப் பைக்குள் போட்டாள். அந்தப் பதில் சொல்லாததையும் சின்னவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். நான்கு நாளில் அந்தக் குறிப்பு கொஞ்சம் நீளமாகிவிட்டது.

தையல் மெஷினிலிருந்து அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஸ்பீக்கர் வாங்கப் போறப்ப அந்தக் கொக்கித் தராசை எடுத்துக்கிட்டுப் போ. பெட்டி மேல எழுதியிருக்கற எடையெல்லாம் நம்பாதே. எத்தனை கிலோன்னு நிறுத்துப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணு."

"உனக்கு எதுக்கும்மா?"

"தெரிஞ்சுக்கத்தான்."

தராசு பழைய பேப்பர் நிறுக்க வாங்கியது. சின்னவள் அதைக் கீபோர்டுப் பையின் பக்க உறையில் செருகினாள். சக்கரம் வைத்த பை. இழுத்துக்கொண்டு தனியாகவே போனாள். யாரையும் துணைக்குக் கூப்பிடும் மனநிலையில் அவள் இல்லை.

*

இசைக்கருவிக் கடை முதல் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. காதில் பென்சில் செருகிய ஒருவர் எழுந்து வந்தார்.

"சொல்லுங்க மேடம். வீட்டுக்காரருக்கா?"

"எனக்கு."

"ஓ, நீங்க வாசிப்பீங்களா?"

"இல்ல, தலைக்கு வச்சுப் படுக்க ஒரு ஸ்பீக்கர் வேணும்."

பென்சில்காரர் இரண்டு விநாடி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நல்ல ஆள்தான். ஆனால் இன்றைக்கு நல்ல ஆள் என்பதெல்லாம் சின்னவளிடம் செல்லாது.

மூன்று ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்தார். முதலாவதை மேஜைமேல் தூக்கி வைத்து வயரைக் கையில் எடுத்தார்.

"இருங்க. முதல்ல படி. அப்புறம்தான் காது," என்றாள் சின்னவள்.

"புரியலையே?"

அவள் தராசை எடுத்துக் கொக்கியில் ஸ்பீக்கரை மாட்டினாள். அட்டைப்பெட்டியில் ஆறு கிலோ என்று போட்டிருந்தது. தராசு ஏழரை காட்டியது.

"உறை, சார்ஜர் எல்லாம் சேர்த்து மேடம்."

"உறையையும் சார்ஜரையும் நீங்களா தூக்கிட்டு வரப் போறீங்க?"

ஸ்பீக்கரை இடது கையில் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி இறங்கினாள். திரும்பி ஏறினாள். முதலாவது சுகமாக வந்தது. ஆனால் பாடச் சொன்னால் கொசு பாடியது. ஒரு கல்யாணக் கூட்டத்தில் நாற்காலி இழுபடும் சத்தத்துக்கே அது தோற்றுவிடும்.

இரண்டாவது பதினான்கு கிலோ. கைப்பிடி ஓரத்தில் இருந்தது. பதினோராவது படியில் மணிக்கட்டு திரும்பிச் சுரீரென்றது. பாதியிலேயே படியில் வைத்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினாள்.

"இதை வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. இது ஸ்பீக்கர் இல்ல, அம்மிக்கல்லு."

மூன்றாவது ஒன்பது கிலோ நானூறு. கைப்பிடி நடுவில். கனம் தோளில் இறங்கியது, மணிக்கட்டு சும்மா இருந்தது. பேட்டரியிலும் ஓடும். வயர் தேடி அலைய வேண்டாம், யார் வேனுக்கும் காத்திருக்க வேண்டாம். இருபத்திரண்டு படியும் மூச்சு வாங்காமல் ஏறி வந்தாள். நான்கு நாளில் முதல் தடவையாக அவளுக்கு எதன்மேலோ கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கீபோர்டை விரித்து, பின்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். இரண்டு ஓட்டைகள் உண்டு. அதில் ஒன்றின் பக்கத்தில் அண்ணன் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறான், 'இங்கே சொருகு' என்று அடையாளம். எட்டு வருடமாக வயர் வேலை முழுக்க அவன் பொறுப்பு. அவள் சிவப்பைப் பார்த்துச் சொருகினாள். வாசித்தாள்.

வலது கை தேன் மாதிரி வந்தது. இடது கை எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ கதவு தட்டுவது மாதிரி வந்தது.

ஓங்கி அடித்தாள். மணிக்கட்டு வலித்தது. கதவு தட்டுகிற சத்தம் கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான்.

இது புது ஸ்பீக்கர். பழைய பெட்டியின்மேல் இனிப் பழி போட முடியாது. வீட்டில் காதுக்குள் மாட்டிக்கொண்டு பழகும்போது சரியாகத்தான் கேட்கிறது, அது பிரமைதானா? அப்படியானால் டிரம்ஸ்காரர் சொன்னது உண்மை. பாடகி சொன்னது உண்மை. கை போய்விட்டது.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு," என்றாள் வறண்ட குரலில். "கைதான்…"

"உங்க கையை விடுங்க மேடம். வயர் எங்க போகுதுன்னு பார்க்கறேன்." பென்சில்காரர் குனிந்து பின்பக்கம் டார்ச் அடித்தார். "இதென்ன, ஆர்ல சொருகியிருக்கீங்க?"

"அதுலதான் சொருகணும். சிவப்பு ஒட்டியிருக்கு பாருங்க."

"சிவப்பு ஒட்டினா ஆயிடுமா? ஆர்னா வலது. பியானோ சத்தத்துல கீழ்க்கட்டை எல்லாம் இடது பக்கமாத்தான் வெளிய வரும். ஒரே ஒரு வயர்னா எல்லுலதான், இடதுலதான் போடணும். அப்பதான் ரெண்டு பக்கமும் கலந்து முழுசா வரும். நீங்க பாதியை வீட்டுல பூட்டி வச்சுட்டு வாசிக்கறீங்க."

"எல் ரிப்பேரு."

"யாரு சொன்னது?"

அவள் வாயைத் திறந்தாள். யார் சொன்னது? யாரும் வாயால் சொல்லவில்லை. அந்த ஓட்டையின்மேல் ஒரு டேப் ஒட்டியிருந்தது. தூசு படிந்த நீல டேப். அதன்மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. எப்போதோ ஒரு மேடையில் பார்த்தது. அண்ணன் ஒட்டியிருக்கிறான், ரிப்பேர் போல, என்று நினைத்ததோடு சரி.

பென்சில்காரர் நகத்தால் அதை உரித்து மேஜையில் வைத்தார். வயரை எல்லில் சொருகினார்.

"இப்ப வாசிங்க."

அவள் இடது கையால் மட்டும், மெதுவாக, ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள்.

மேஜைமேல் இருந்த பென்சில் டப்பா நடுங்கியது.

இன்னொன்று. இன்னொன்று. ஓங்க வேண்டியதே இல்லை. விரலை வைத்தாலே போதும். மூன்று மாதமாகக் காணாமல் போன கை, கடையின் சுவரெல்லாம் எதிரொலித்துக்கொண்டு திரும்பி வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், மூணாவதையே போட்டுடவா?"

"போடுங்க. அந்த டேப்பை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. அது எனக்கு வேணும்."

*

அண்ணன் தன் குடோனில், தரையில் உட்கார்ந்து மைக் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். சின்னவள் ஸ்பீக்கரை அவன் எதிரில் வைத்தாள். அதன்மேல் நீல டேப்பை வைத்தாள்.

"இது என்ன?"

"ஸ்பீக்கர். பரவாயில்லையே, பொம்மை மாதிரி இருக்கு."

"டேப்பைக் கேக்கறேன்."

"டேப்பு."

"அண்ணா, என் காதுல பூ சுத்தாதே. ஓட்டையை அடைச்சே, என் கை கேக்காம பண்ணினே, மாஸ்டர் வீட்டு வாசல்ல போய் வேனை நிறுத்தினே, இப்ப ஸ்பீக்கரையும் ஏத்த மாட்டேங்கறே. கண்ணாடி உனக்கு யாரு? மச்சானா?"

அண்ணன் சுற்றிய வயரைக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். அவனுக்குக் கோபம் வந்தால் எல்லாம் மெதுவாகும்.

"இந்த டேப்பை நீதானே ஒட்டினே?" என்றான்.

"நானா?"

"பெருக்கல் போட்டு ஒட்டியிருந்தது. சரி, ரிப்பேரு, நீ அடையாளம் வச்சிருக்கேன்னு நினைச்சு பக்கத்து ஓட்டையில மாத்திச் சொருகினேன். சத்தம் வந்துது. மைக்குக்கு எல்லும் கிடையாது ஆரும் கிடையாது, எனக்கென்ன தெரியும்? அப்பதான் சிவப்பு ஒட்டினேன்."

"நம்பச் சொல்றியா?"

"நம்பாட்டிப் போ."

அவன் சுற்றி முடித்த வயரைக் கட்டச் சிவப்பு டேப் ரோலை எடுத்தான். பல்லால் கடித்துக் கிழித்தான். கிழிந்த ஓரம் எலி கொறித்த மாதிரி இருந்தது. குடோன் முழுக்க அதே சிவப்பு: பெட்டிகளில், கம்பங்களில், ஒவ்வொரு வயரிலும். எல்லாமே எலி கொறித்தவை. அவனிடம் கத்தரியே கிடையாது. எட்டு வருடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

சின்னவள் ஸ்பீக்கர்மேல் இருந்த நீலத் துண்டைப் பார்த்தாள்.

நான்கு மூலைகளும் வளைத்து நறுக்கியிருந்தன.

அதைத் திருப்பினாள். பின்பக்கம், அக்கா ஒட்டுகிற டேப்பில் இருப்பது மாதிரியே, பசை அலை அலையாக ஓடியிருந்தது. தன் மணிக்கட்டைப் பார்த்தாள். தோல் நிறம். அதற்கு முந்திய ரோல் நீலம். மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்த புதிதில், அந்த முதல் வாரம் ஒட்டியது நீலம்.

"என்னடி, முகம் ஏன் இப்படிப் போகுது?"

"வேன் எதுக்கு மாஸ்டர் வீட்டுக்குப் போச்சு? அதைச் சொல்லு முதல்ல."

அண்ணன் சிவப்பு ரோலைத் தரையில் வைத்தான். "அவர் கூப்பிட்டார். 'உன் தங்கச்சிக்குக் கை போயிடுச்சாமே, உங்க வீட்டுலேர்ந்தே போன் பண்ணிச் சொன்னாங்களே'ன்னார். யாருன்னு கேட்டேன், சொல்லலை. அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்னு சண்டை போட்டுட்டு வந்தேன். உன்கிட்ட சொன்னா வீட்டை ரெண்டாக்கிடுவே."

"ஸ்பீக்கர்?"

"என் வேன்ல வந்து இறங்கினா, அண்ணன் தயவுல பிழைக்கறாள்னு கண்ணாடி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். நீயே தூக்கிட்டுப் போய் வச்சா அவன் வாயை மூடுவான்னு பார்த்தேன்."

அவள் அவனை நம்பினாள். நம்பியதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

*

ஆஸ்பத்திரியின் சிகிச்சை அறையில் அக்கா ஒரு கொத்தனாரின் தோளைக் கயிற்றுக் கப்பியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. சின்னவள் உள்ளே வந்து, ஸ்பீக்கரைத் தரையில் வைத்து, நீலத் துண்டை அக்காவின் மேஜைமேல், கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அக்கா அதைப் பார்த்தாள். கொத்தனாரிடம், "நீங்களே இருபது தடவை இழுங்க. எண்ணிக்கிட்டே இழுங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"நான்தான்," என்றாள். சுற்றி வளைக்கவே இல்லை.

"ஏன்?"

"அண்ணன் அந்த ஓட்டையிலதான் சொருகுவான்னு பார்த்து வச்சிருந்தேன். அடைச்சா சத்தமே வராது, அன்னிக்கு நிகழ்ச்சி நின்னுடும், ரெண்டு வாரம் கைக்கு ஓய்வு கிடைக்கும்னு நினைச்சேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் நீ மூணு மாசம் வாசிக்கக் கூடாதுன்னார். நீ கேப்பியா? சொன்னா இந்த வீட்டுல யாரு என் பேச்சைக் கேக்கறீங்க?"

"எல்லாரும் உன் பேச்சைத்தான்க்கா கேக்கறோம். வேற யார் பேச்சைக் கேட்டோம்?"

அக்கா மேஜைமேல் இருந்த கத்தரியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"டாக்டர் 'கொஞ்சம் வீக்கம்'னு சொன்னதா நீதான் என்கிட்ட வந்து சொன்னே. காகிதம் இங்கிலீஷ்ல இருக்கு, உனக்குப் புரியாதுன்னு பையில வச்சுக்கிட்டே. நீ படிச்சவ. நான் பிளஸ் டூ. அதனால என் கையைப் பத்தி எனக்கே தெரிய வேணாம், இல்ல?"

"அப்படி இல்லடி—"

"சத்தம் நிக்கலைக்கா. பாதியாச்சு." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. கொத்தனார் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இடது கை கேக்கலை, இடது கை கேக்கலைன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? இன்னும் ஓங்கி அடிச்சேன். மூணு மாசமா, ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும், மேஜை உடையற மாதிரி அடிச்சேன். வந்து உன்கிட்ட கையை நீட்டினேன். நீ டேப் ஒட்டினே."

அக்காவின் கை தானாக அவளுடைய மணிக்கட்டைத் தேடி வந்தது. வழியிலேயே நின்றது. எங்கே தொடுவது என்று தெரியாமல் நிற்கிற கையை அக்காவிடம் சின்னவள் பார்த்ததே இல்லை.

"முதல் வாரத்தை விட இப்ப வீக்கம் அதிகமாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "ஏன் குறையலைன்னு தினம் யோசிச்சேன். நிகழ்ச்சி போதாதுன்னு நீ என்னை ஏமாத்தி வீட்டுலயும் பழகறேன்னு நினைச்சேன்."

"நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

"ஆமா."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கும். வரவில்லை.

சின்னவள் மேஜைமேல் இருந்த கத்தரியை எடுத்தாள். மணிக்கட்டு டேப்பை வெட்டி, உரித்து, நீலத் துண்டின் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே அச்சு.

"காகிதத்தைக் கொடு. இங்கிலீஷ்ல இருந்தா இருக்கட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கறேன்."

அக்கா பையைத் துழாவி, நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். "ஐஞ்சு மணிக்குப் போகப் போறியா?"

"போவேன். மெதுவா வாசிச்சாலே கேக்குமான்னு மாஸ்டருக்குக் காட்டிட்டு, கைக்கு எத்தனை மாசம் வேணுமோ அதை நானே அவர்கிட்ட கேப்பேன். நீ கேக்காதே. அதுக்குத்தானே முன்னாடியே அவருக்குப் போன் பண்ணி வச்சிருக்கே?"

அக்கா நிமிர்ந்தாள். "எந்தப் போன்?"

"எனக்குக் கை போயிடுச்சுன்னு. நம்ம வீட்டுலேர்ந்து."

"நான் பண்ணலை."

"அக்கா."

"டேப்பை ஒட்டினேன். காகிதத்தை மறைச்சேன். எல்லாம் சொல்லிட்டேன் இல்ல? இதை மட்டும் எதுக்கு மறைக்கப் போறேன்? மாஸ்டர் நம்பரே என்கிட்ட கிடையாது."

அக்காவுக்குப் பொய் சொல்லும்போது மூக்கு விடைக்கும். சின்னவள் பார்த்தாள். விடைக்கவில்லை.

அண்ணன் இல்லை. அக்கா இல்லை. அந்த வீட்டில் மொத்தமே நான்கு பேர்.

அவள் குனிந்து ஸ்பீக்கரை எடுத்தாள், வலது கையால். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அம்மா. தையல் மெஷின் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. இவள் எடுத்ததும் அது நின்றது.

"வாங்கிட்டியா?" என்றாள் அம்மா. "எத்தனை கிலோ?"

"ஒன்பது நானூறும்மா."

மறுமுனையில் மெஷின் சக்கரம் ஒரு சுற்று ஓடி நின்றது.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா. "அப்ப உன்னாலயே தூக்கிட்டுப் போயிட முடியும்."

அதில் சந்தோஷம் இருந்ததா, பயம் இருந்ததா? எல்லாருடைய குரலையும் நான்கு நாளாக நிறுத்துப் பார்த்தவளுக்கு, இதை மட்டும் நிறுக்க முடியவில்லை.